எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு ‘கீழே’

அனுப்புநர்:
ச. மயில்சாமி (வயது 76),
ஓய்வுபெற்ற நூற்பாலை ஃபிட்டர்,
ஓக் ட்ரீ சாலை அருகில்,
ஐசலின், நியூ ஜெர்சி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
மொழிபெயர்ப்பாளர்கள் மீதான புகார்ப் பிரிவு,
நீதிமன்ற நிர்வாக வளாகம்,
நியூ ஜெர்சி.

பொருள்: டால்கம் பவுடர் வழக்கு – காலஞ்சென்ற என் மனைவி திருமதி பவளம் 14.3.2024 அன்று அளித்த வாக்குமூலம் – பக்கம் 88 – மொழிபெயர்ப்புப் பிழை – ஒலிப்பதிவை வேறொரு தமிழரைக் கொண்டு கேட்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் ஆங்கிலக் கடிதங்கள், நாள் 24.3.2025 மற்றும் 12.5.2025.
2. தங்கள் பதில்கள், நாள் 30.4.2025 மற்றும் 9.7.2025.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். ‘கீழ்க்கண்டவாறு பணிந்து தெரிவிக்கிறேன்’ என்று தொடங்குவது மனுவின் வழக்கம். அந்தச் சொல்லை இப்போதெல்லாம் நான் அவசியமில்லாமல் எழுதுவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். ஆகவே, பின்வருமாறு தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. அதன் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. 2009 முதல் மகன் சபரியின் குடும்பத்துடன் ஐசலினில் வசித்துவருகிறேன். ஆங்கிலத்தை இங்கே வந்த பிறகு அகராதியை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். அந்த ஆங்கிலத்தில் தங்களுக்கு ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் எழுதினேன். அவற்றால் கெடுதல்தான் நடந்தது. எனவே இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாசலில் உள்ள பலகையில், ‘உங்கள் மொழியில் புகார் செய்யலாம்’ என்று பதினான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. அதில் தமிழ் இல்லை. தமிழில் செய்யக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை.

2. என் மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய் இருப்பதாக 2022 நவம்பரில் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. குளித்த பின் போட்டுக்கொள்ளும் பவுடரால் இந்நோய் வந்ததாகச் சொல்லி இந்நாட்டுப் பெண்கள் பலர் வழக்குத் தொடுத்திருப்பதை என் மருமகள் வான்மதி தொலைக்காட்சியில் பார்த்தார். அடுத்த ஆண்டு என் மனைவியும் ஒரு வழக்கறிஞர் மூலமாக ஒரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பவுடரால்தான் நோய் வந்தது என்று இம்மனுவில் நான் வாதாடவில்லை. நிறுவனம் இல்லை என்கிறது. மருத்துவர்களே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அதை முடிவு செய்யும் படிப்பு எனக்கில்லை. என் மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு அவரைத் தோற்கடித்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் சொல்லாததைக் கேட்டுத் தோற்கடித்தார்கள்.

3. பவுடரை உடம்பில் எந்த இடத்தில் போட்டார் என்பதுதான் இவ்வழக்கின் முதல் கேள்வி. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போட்டவர் என்றால் வழக்கு நிற்காது என்று எங்கள் வழக்கறிஞர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வழக்கில் சேரும்போது நிரப்பிய படிவத்திலும் அக்கேள்வி இருந்தது. வான்மதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாமியாரிடம் கேட்டார், வெளியே வந்து ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டார். அங்கே ஒரு பிழையும் நடக்கவில்லை.

4. 14.3.2024 அன்று காலை பத்து மணிக்குக் காணொலி வழியாக வாக்குமூலம் எடுத்தார்கள். என் மனைவி எங்கள் வீட்டுப் படுக்கையறையில் இருந்தார். வழக்கறிஞர்கள் அவரவர் அலுவலகத்தில் இருந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் திரு. ஃபிரெடி, கலிஃபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து பேசினார். சாட்சியின் அறையில் வேறு எவரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் சமையலறையில் உட்கார்ந்து கஞ்சியை மூன்று முறை சூடுபண்ணினேன். விதியை மீறிக் கதவருகே நின்று கேட்டிருக்கலாம். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ விதிகளோடு சண்டை போட்டவன், அன்றைக்கு மட்டும் விதிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

5. அன்று நடந்தது என்ன என்பதை ஓராண்டு கழித்துத்தான் ஒலிப்பதிவில் கேட்டேன். ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பவுடரை அந்தரங்கப் பகுதியில் பயன்படுத்தியது உண்டா என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே கேட்கிறார். திரு. ஃபிரெடி சிறிது தயங்குகிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். பிறகு தமிழில் கேட்கிறார்: “அம்மா, பவுடரை நீங்க கீழே போடற பழக்கம் உண்டா?” என் மனைவி சொன்ன பதில்: “கீழயா? ஐயோ, ஒரு பொட்டுக்கூடக் கீழ போட மாட்டனுங்க. வேணும்னா எம்மருமகளையே கேட்டுப் பாருங்க.”

6. தமிழில் பவுடரைப் ‘போடு’வோம். கையிலிருப்பதைத் தவறவிட்டாலும், தரையில் சிந்தினாலும் ‘கீழே போட்டுவிட்டேன்’ என்போம். திரு. ஃபிரெடி கேட்டது உடம்பைப் பற்றி. என் மனைவி பதில் சொன்னது தரையைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதோ, அவர் ஒருநாளும் அந்த இடத்தில் பவுடர் போட்டதில்லை, துளிகூட இல்லை என்று.

7. அதோடு முடியவில்லை. வாழ்நாளில் ஒரு முறையாவது உண்டா என்று வழக்கறிஞர் மறுபடி கேட்கிறார். “ஒரு தடவையாவது கீழ போட்டிருக்கீங்களாம்மா?” என்கிறார் திரு. ஃபிரெடி. “ஒரே ஒரு தடவைங்க. அன்னிக்குப் பாப்பா வழுக்கி உழுந்திருச்சு. அதோட சரி. இப்பல்லாம் பழைய துண்டுதானுங்க, அதை விரிச்சு அது மேல நின்னுக்குவனுங்க.” பாதியில் வழக்கறிஞர்கள் இருவர் ஒரே நேரத்தில் குறுக்கே பேசுகிறார்கள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இப்பதில் எவ்வாறு இருக்கிறது என்றால்: ‘ஒரே ஒரு முறை. (தெளிவாகக் கேட்கவில்லை.) அதன் பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது பழைய துண்டுதான்.’ சாட்சி பவுடருக்குப் பதிலாகத் துண்டையே பயன்படுத்திவந்தார் என்று எதிர்த்தரப்பு தன் மனுவில் எழுதியது. அதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

8. என் மனைவி ஏன் தரையை நினைத்தார் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் குளியலறைத் தரை வழவழப்பான ஓடு. பவுடர் விழுந்தால் வழுக்கும். பேத்தி கண்மணி மூன்று வயதில் அதில் வழுக்கி விழுந்து மோவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே இருந்த ஒரே மனத்தாங்கல் அந்தப் பவுடர்தான். “அத்தை, கீழ போடாதீங்க” என்று வான்மதி சொல்லாத வாரமில்லை. என் மனைவி ஒரு நீலத் துண்டை விரித்து, அதன்மேல் நின்று போட்டுக்கொண்டு, துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வருவார். இத்தனை பெரிய வழக்கறிஞர்கள் கூடி, கீழே போடுவாயா என்று கேட்டதும், மருமகள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். வாக்குமூலம் கொடுத்த அன்றும் மறுநாளும் அவர் வான்மதியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. அந்தரங்கமான இடத்தில் பவுடர் போட்டாயா என்று கேட்டால், உலகத்தில் எந்தப் பெண்ணாவது ‘என் மருமகளைக் கேளுங்கள்’ என்று சொல்வாளா? இந்த ஒரு கேள்வியை வழக்கறிஞர்கள், நீதிபதி, மொழிபெயர்ப்பாளர் ஆகியோரில் ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

9. இனி என் குற்றம். தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலம் 2.4.2024 அன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. பிழை இருந்தால் முப்பது நாட்களுக்குள் திருத்தி, சாட்சி கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். மகன் தான் படித்துப் பார்ப்பதாகச் சொன்னான். நான் கொடுக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். நூற்று நாற்பத்தோரு பக்கங்களை அகராதியோடு பதினொரு நாட்கள் படித்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தையும் படித்தேன். வழக்கறிஞரின் கேள்வியில் இருந்த ஒரு சொல் என் அகராதியில் இல்லை, விட்டுவிட்டேன். பதிலில் ‘அங்கே கீழே’ என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. இரண்டையும் அகராதியில் தனித்தனியாகப் பார்த்தேன். தரையைச் சொல்கிறார்கள், குளியலறைச் சண்டையைச் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பாப்பா விழுந்ததை விட்டுவிட்டார்களே, போகட்டும் என்றும் நினைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடு என்றேன். ‘பவளம்’ என்று தமிழில் போட்டாள். 16.4.2024 அன்று நானே தபால் நிலையத்துக்கு நடந்துபோய் அனுப்பிவைத்தேன். ஆகவே இந்தப் புகாரில் முதல் எதிர்மனுதாரர் திரு. ஃபிரெடி என்றால், இரண்டாம் எதிர்மனுதாரர் நான்.

10. ஜூலையில் எதிர்த்தரப்பு, படிவத்தில் ‘ஆம்’ என்றும் சத்தியப் பிரமாணத்தின் மீது ‘இல்லை’ என்றும் சொன்ன சாட்சியை நம்ப முடியாது என்று மனுப் போட்டது. சபரி தாயிடம் போய்க் கேட்டான். அவனும் ஆண்பிள்ளை. அவன் கேட்டதும் அதே சொற்கள்தான்: “அம்மா, கீழ போடலைன்னு சொல்லிட்டியா?” அவள் ஆமாம் என்றாள். அதற்குமேல் அவனுக்குப் பேச வாய் வரவில்லை. அம்மா வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள் என்று எங்களிடம் வந்து சொன்னான். வான்மதியும் அப்படியே நம்பினார். நானும் நம்பினேன். 12.9.2024 அன்று வழக்கு தள்ளுபடியானது. உத்தரவில் ‘நம்பகமற்ற சாட்சி’ என்ற சொற்கள் உள்ளன. அந்த வாரத்தில் ஒருநாள், உண்மையைச் சொல்லியிருக்கலாமே பவளம் என்று கேட்டேன். அவள், “ஏனுங்க, பவுடரைக் கீழ போட்டிருந்தாத்தான் கேசு செயிச்சிருக்குமுங்களா?” என்று கேட்டாள். வலிக்குக் கொடுக்கும் மருந்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். பேசாமல் தூங்கு என்று சொல்லிப் போர்வையை இழுத்து விட்டேன். 21.10.2024 அன்று இறந்துபோனாள். தான் சொன்ன பொய் என்ன என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

11. 18.2.2025 அன்று சிறுநீர்க் கோளாறுக்காக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மேற்படி இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொல்லி, அங்கே வலி உண்டா என்று செவிலியர் கேட்டார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். எதையாவது கீழே போட்டுவிட்டேனோ என்று நாற்காலிக்கு அடியிலும் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, என் இடுப்புக்குக் கீழே விரலைக் காட்டினார். அப்போதுதான் எண்பத்தெட்டாம் பக்கம் எனக்குப் புரிந்தது. பவளம் கேட்ட கேள்வியும் புரிந்தது. பரிசோதனைக்கு நிற்காமல் வெளியே வந்து, இரண்டு மணி நேரம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் நடையாய் நடந்து, எங்கள் வழக்கறிஞரிடமிருந்து ஒலிப்பதிவை வாங்கினேன்.

12. அதன் பின் தங்களுக்கு எழுதினேன். வாக்குமூலத்தைச் சாட்சிதான் திருத்தக் கோர முடியும் என்று பதில் வந்தது. சாட்சி இறந்துவிட்டார் என்று எழுதினேன். அதற்கு வந்த பதிலில், சாட்சியின் கையொப்பம் இல்லை என்று இருந்தது. மேலும், என் கடிதமே வாக்குமூலத்தை உறுதிசெய்வதாகவும் தங்கள் அலுவலகம் குறிப்பிட்டிருந்தது. அக்கடிதத்தின் நகலை மகனிடம் காட்டினேன். ‘என் மனைவி பவுடரைக் கீழே போடவே மாட்டார், இது சத்தியம்’ என்று தரையை நினைத்து நான் எழுதியிருந்த ஆங்கிலத்துக்கு, அவர் அந்தரங்கத்தில் பவுடர் போட்டதே இல்லை என்று அர்த்தமாம். எதை மறுக்கப் போனேனோ அதையே சத்தியம் செய்து, கையொப்பமும் போட்டு அனுப்பியிருக்கிறேன். சபரி, “விட்டுருங்கப்பா, அம்மா போயாச்சு, இனி யாருக்காக?” என்றான். அவன் கெட்டவன் அல்ல. களைத்துவிட்டான். நான் விடுவதாக இல்லை.

13. ஆகவே இனி யாருக்கும் எந்த ஐயமும் வராதபடி எழுதுகிறேன். ஐம்பத்தோரு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த கணவன் என்ற முறையில், என் மனைவியிடம்கூட நான் ஒருநாளும் வாயால் சொல்லாததை எழுதுகிறேன். என் மனைவி பவளம், 1973இல் எங்களுக்குத் திருமணமான நாளிலிருந்து 2022இல் நோய் தெரிந்த நாள்வரை, தினமும் குளித்த பின் பவுடரை முகத்திலும், கழுத்திலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும், பெண்ணுறுப்பின் மேலும் போட்டுக்கொண்டார். வேர்வைக்கும் அரிப்புக்கும் அது நல்லது என்று அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்நாட்டுக்கு வந்த பிறகு பதின்மூன்று ஆண்டுகளும் மேற்படி நிறுவனத்தின் டப்பாவைக் கடையில் போய் வாங்கிவந்தவன் நான். இது உண்மை. இதைத்தான் அவர் சொல்லியிருப்பார், யாராவது இதைக் கேட்டிருந்தால்.

14. திரு. ஃபிரெடி மீது எனக்குப் பகை இல்லை. தாயின் வயதுள்ள ஒரு பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ‘கீழே’ என்றுதான் சொல்லியிருப்பேன். என் மகனும் அப்படித்தான் சொன்னான். நாங்கள் மரியாதையானவர்கள். ஆனால் அவர் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது மரியாதைக்காக அல்ல. கேட்டதைக் கேட்டபடி கேட்பதற்காக.

15. எனவே பின்வருவனவற்றைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

(அ) ஒலிப்பதிவில் ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடம் முதல் நான்கு நிமிடங்களை, தமிழ் தெரிந்த வேறொருவர், முடிந்தால் ஒரு பெண், கேட்க வேண்டும். நான்கே நிமிடம்.

(ஆ) அவர் கேட்டதை அப்படியே எழுதி, எண்பத்தெட்டாம் பக்கத்தோடு சேர்க்க வேண்டும். ‘நம்பகமற்ற சாட்சி’ என்று எழுதிய நீதிபதிக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும்.

(இ) காலம் கடந்துவிட்டது, விதியில் இடமில்லை என்று தாங்கள் கருதினால், இம்மனுவையாவது அப்பக்கத்துக்குப் பின்னால் கோத்து வைக்க வேண்டும்.

வழக்கை மறுபடி நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்கு என் ஆயுள் போதாது. இதில் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு அநேகமாக இல்லை. மூன்றாவது பதிலில் என்ன எழுதுவீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அது வந்தால் நான்காவது மனுவும் வரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

16. கடைசியாக ஒன்று. தங்கள் அலுவலகப் பட்டியலில் தமிழுக்கு நான் பார்த்தது ஒரே பெயர். அது திரு. ஃபிரெடியின் பெயர். ஆகவே இம்மனுவும் மொழிபெயர்ப்புக்காக அவர் கைக்கே போகும் என்று நினைக்கிறேன். அவ்வாறு போயிருந்தால், இவ்வரிகள் அவருக்கு. திரு. ஃபிரெடி அவர்களே, என் மனைவியை நீங்கள் அம்மா என்று அழைத்தீர்கள். ஒலிப்பதிவில் கேட்டேன். பதின்மூன்றாம் பத்தியில் உள்ளதை எழுத எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. எழுதிவிட்டேன். அந்தப் பத்தி வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் நான் எழுதியிருக்கும் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே என்று எழுத வேண்டாம்.

இடம்: ஐசலின்
நாள்: 6.10.2025

பவளத்தின் சொல்லுக்குப் பொறுப்பாளி,
ச. மயில்சாமி
(கையொப்பம்)

இணைப்பு:
1. ஒலிப்பதிவு.
2. வாக்குமூலம், பக்கம் 88, நகல்.
3. நீலத் துண்டின் புகைப்படம். துண்டு என்னிடம் உள்ளது. துவைக்கவில்லை. கேட்டால் நேரில் கொண்டுவருவேன்.